ஆலப்பாக்கத்தில் ஒரு மிஸ்டு கால்

கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்ன சப்-இன்ஸ்பெக்டரம்மா என்னை யாரோ எவரோ என்று பார்த்தார். எனக்கு முதலில் சுருக்கென்றது அதுதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இந்த ரோட்டில் என்னைத் தெரியாத போலீஸ்காரர் இருந்ததில்லை. எதிரே பஸ் வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி வழிவிட்ட காலத்திலிருந்து ஓட்டுகிறேன். இப்போது நாலு வழிச் சாலை. ரோடு அகலமானதில் தெரிந்த முகமெல்லாம் எங்கேயோ ஒதுங்கிவிட்டது. வணக்கம் வைத்தால் திருப்பி வைக்கக்கூட ஆள் தேடவேண்டியிருக்கிறது.

புதுச்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம். சாயங்கால வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டி நிறைய ஆட்கள். சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு நான் ஷிப்ட் வேன் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்னால் கடலூரில் என் வீடு இருக்கும் செம்மண்டலத்தில் கிளம்பி, காலி வண்டியோடு சிதம்பரம் போய், ஆட்களை ஏற்றிவந்து கம்பெனியில் இறக்கவேண்டும். சாயங்காலம் அவர்களையே கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி காலி வண்டியோடு கடலூர் திரும்பவேண்டும். ஆட்களோடு போகும்போது பேச்சு, சிரிப்பு, சீட்டுக்குச் சண்டை. திரும்பும்போது நானும் இன்ஜினும்.

"லைசென்ஸ்?" என்றார் அந்த அம்மா. சட்டையில் எழிலரசி என்று பெயர்ப் பட்டை.

சட்டைப்பையில் கையை விட்டேன். சீப்பு இருந்தது. டீக்கடையில் கொடுத்த சில்லறை இருந்தது. லைசென்ஸ் இல்லை. அது எங்கே இருக்கிறதென்று உடனே தெரிந்துவிட்டது. நேற்றுப் போட்ட சட்டையின் பையில். அந்தச் சட்டை என் வீட்டு வாளியில் சோப்புத்தூளோடு ஊறிக்கொண்டிருந்தது.

புஷ்பவள்ளி இருந்தவரை இது நடந்ததே இல்லை. நான் செருப்பை மாட்டும்போது அவள் வாசல்வரை வருவாள். என் நெஞ்சில் பையிருக்கும் இடத்தில் ஒரு தட்டு தட்டுவாள். அட்டை விறைப்பாகக் கையில் பட்டால் "ம், போயிட்டு வா" என்பாள். படாவிட்டால் உள்ளே ஓடுவாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தட்டுவதற்கு ஆளில்லாத பையில் என்ன இருக்கும், சீப்புதான் இருக்கும்.

"வீட்ல இருக்குங்கம்மா. நாளைக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து காட்டுறேன்."

"வண்டிய வீட்லயா ஓட்டுறீங்க?"

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"முப்பது வருசமா ஓட்டுறேங்கம்மா. இந்த ரோட்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"நீங்க ஓட்டுறது எல்லாருக்கும் தெரியும். எனக்குந்தான் தெரியுது, கண்ணால பாத்தேனே. ஓட்டலாம்னு உங்களுக்கு அனுமதி இருக்கா, அதத்தான் கேக்குறேன். கார்டா கையில வச்சிருக்கணும். இல்லாட்டி போன்ல டிஜிலாக்கர்ல காட்டுங்க, அதுவும் செல்லும். ரெண்டும் இல்லன்னா நான் எப்புடிங்க விடறது?"

கம்பெனி கேட்டில் காட்டுவதற்காக ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை ஸ்டியரிங்குக்கு மேலே சொருகிவைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார்.

"உத்திராபதி. செம்மண்டலம். சரி. இது நீங்க யாருன்னு சொல்லுது. ஓட்டத் தெரிஞ்சவருன்னு எங்க சொல்லுது?"

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வியைக் கேட்பவர்கள் மேல்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும்.

"லைசென்ஸ் நம்பராச்சும் சொல்லுங்க, மெஷின்ல போட்டுப் பாத்துடுறேன்" என்றார். இதுவரை நான் ஓட்டிய வண்டிகளின் நம்பரெல்லாம் கேட்டிருந்தால் ஒன்று விடாமல் ஒப்பித்திருப்பேன். என் நம்பரை நான் என்றைக்கு மனப்பாடம் செய்தேன்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குரலை உயர்த்தவில்லை, காசுக்குக் கையை நீட்டவில்லை. "லைசென்சே எடுக்காத ஒருத்தன் ஷிப்ட் வண்டி ஓட்டிட்டுப் போயி வாய்க்கால்ல கவுத்துட்டான். போன மாசம். அந்த ஆளுங்களைத் தூக்குனதுல நானும் ஒருத்தி. வேற டிரைவர் வரட்டும், வண்டி போவட்டும். உங்க மேல கேஸ் எழுதித்தான் ஆவணும்" என்றார்.

கேஸ் என்றால் என் வேலை போய்விடும். வேன் என்னுடையது இல்லை. ஓனர் செந்தமிழ்செல்வன் வேலையில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார்: "கம்பெனிக்காரன் கேஸ் இருக்கற டிரைவரை கேட்டுக்குள்ள விடமாட்டான். ஒண்ணு விழுந்துச்சின்னா சாவியைக் குடுத்துட்டு நீங்களே எறங்கிக்கங்க மாமா." எனக்குப் பென்ஷன் வருகிறதா, நிலம் இருக்கிறதா என்பதெல்லாம் வேறு விஷயம். அந்த வண்டியிலிருந்து இறங்கிவிட்டால் நான் வாயைத் திறந்து பேச ஒரு ஜீவன் கிடையாது. மகள் வினோதினி ஓசூரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள், வைத்துவிடுவாள். மற்ற நாளெல்லாம் எனக்கு மனுஷக் குரல் என்றால் வேனுக்குள் கேட்கும் குரல்தான். என்னோடு பேசாவிட்டாலும் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்களே, அது போதும். அதுவும் போய்விடுமோ என்று பயந்தேன்.

முன்சீட்டில் எப்போதும் கலைமணிதான் உட்காருவாள். பேக்கிங் செக்‌ஷனில் வேலை, வாய்க்கும் கைக்கும் ஓய்வே தராதவள். புஷ்பவள்ளி செத்தபோது கம்பெனியிலிருந்து மாலையோடு வந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குச் சிதம்பரத்திலிருந்து ஊருக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

"அண்ணே, உங்க பொண்ணு டிஜிலாக்கர்ல எல்லாம் ஏத்தி வச்சிருக்குன்னு அன்னிக்கி சொன்னீங்களே?"

"அது பழைய போன்லம்மா. அது விழுந்து ஒடஞ்சிபோச்சி. இது புது போனு."

"அதனால என்னா? உள்ள போனா எல்லாம் அப்புடியே இருக்கும். குடுங்க இப்புடி."

போனை வாங்கி, ஆதார் நம்பரைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சப்-இன்ஸ்பெக்டரம்மாவும் கைகட்டிக்கொண்டு காத்திருந்தார். கலைமணி நிமிர்ந்தாள்.

"ஓ.டி.பி. போயிருக்குண்ணே. எந்த நம்பருக்குன்னு கடைசி நாலு எண்ணு காட்டுது. இது உங்க நம்பர் இல்லியே?"

இல்லைதான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆபீசில் நம்பர் கேட்டாலும் டிரைவர் தன் நம்பரைக் கொடுக்கமாட்டான். ஓட்டுகிறவன் போனை எடுப்பானா, வண்டியைப் பார்ப்பானா? வீட்டில் இருப்பவள் நம்பரைக் கொடுத்துவிடுவோம். ஆதார், சமையல் கேஸ், பேங்க், ரேஷன் எல்லாம் புஷ்பவள்ளி நம்பர். ஏதாவது வந்தால், நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடும்போது ஒவ்வொரு எண்ணாகப் பதறிப்பதறிச் சொல்வாள். "மூணு... இரு, கண்ணாடி போட்டுக்கறேன்... மூணு இல்ல, எட்டு." மாற்றிவிடுங்கள் மாற்றிவிடுங்கள் என்று வினோதினி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மாற்றவில்லை. சிலிண்டர் வரும் செய்தியாவது அவளுக்குப் போகட்டுமே என்று இருந்துவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். யாருக்கு என்ன நஷ்டம்?

"அந்த நம்பரு இப்ப யாருகிட்டண்ணே இருக்கு?" என்றாள் கலைமணி.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது ஆலப்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்துவேன். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். ஒரே ரிங், உடனே கட். புஷ்பவள்ளி அதைக் கேட்டதும் உலை வைப்பாள். ஆலப்பாக்கத்திலிருந்து செம்மண்டலம் வர ஒரு உலை கொதித்துச் சோறு வடிக்கிற நேரம்தான் ஆகும். நான் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் தட்டில் ஆவி பறக்கும். எத்தனையோ வருஷத்துப் பழக்கம். அவள் போன பிறகும் கை தானாகப் போனை எடுத்தது. முதலில் 'சுவிட்ச் ஆஃப்' என்று ஒரு பெண் சொல்வாள். பிறகு 'அப்படி ஒரு எண்ணே இல்லை' என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள், ரிங் போனது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கட் பண்ணிவிட்டேன். ரீசார்ஜ் செய்யாத நம்பரைப் போன் கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது விற்றுவிடுவான் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் மறுநாளும் அடித்தேன். ஒரே ரிங், கட். அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. மறுமுனையில் யார் என்று கேட்டதுமில்லை. கேட்கும்படி வைத்துக்கொண்டதுமில்லை.

"அண்ணே, உங்களத்தான்."

"தெரியலம்மா. யாரோ."

"அடிச்சிக் கேட்டுடலாம்" என்று கலைமணி என்னைக் கேட்காமலே தேடினாள். "புஷ்பவள்ளின்னு இல்லியே?"

"வீடுன்னு இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிறபடி ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினாள். முதல் ரிங் முழுதாக முடியவில்லை. வழக்கமாக நான் கட் பண்ணுகிற இடம் அது. கட் பண்ண விரல் போய்விட்டது. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வினோத்து! கட் பண்ணிராதடா. ராசா, கட் பண்ணிராத. இன்னிக்கி நேரத்தோட அடிக்கிறியே, ஒடம்பு நல்லாருக்காடா? பேசு சாமி. இன்னிக்காச்சும் ஒரு வார்த்த பேசு."

வயதான அம்மாவின் குரல். மூச்சு வாங்கியது. எங்கிருந்தோ ஓடிவந்து எடுத்திருக்கிறார்.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"அம்மா," என்றேன், "நான் வினோத் இல்லீங்க. கடலூர்லேருந்து ஒரு டிரைவர் பேசுறேன். உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும்..."

"யாரு நீ?"

"உத்திராபதின்னு..."

"எம் புள்ள போனு உங்கிட்ட எப்புடிடா வந்துச்சி?"

"இது எம் போனுதாம்மா. அந்த ஓ.டி.பி. நம்பர் மட்டும் கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

"ஓ.டி.பி.யா?" குரல் அப்படியே மாறிப்போனது. "அதானே பாத்தேன். டி.வி.யில தெனம் சொல்றான், எவன் கேட்டாலும் சொல்லாதன்னு. கெழவி தனியா கெடக்கா, ஏமாத்திப்புடலாம்னு வந்தியா? எம் புள்ள நம்பர்லேருந்தே வர்றியேடா, நீ வௌங்குவியா?"

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டரம்மா போனை வாங்கினார்.

"அம்மா, நான் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் பேசுறேன். பயப்படாதீங்க. இவரோட லைசென்ஸ் விசயமாத்தான்..."

"ஆமாமா. ஏமாத்துறவனெல்லாம் போலீசு பேசறேன்னுதான் பேசறான். அதையும் டி.வி.யில சொல்லிட்டான். நீ போலீசுன்னு நான் எப்புடி நம்பறது?"

பின்சீட்டில் மறுபடி ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. "வீடியோ கால்ல வாங்கம்மா, யூனிபார்மைக் காட்டுறேன்" என்றார் அவர். "என்னுது பட்டன் போனு" என்றது மறுமுனை. தோளில் நட்சத்திரம், இடுப்பில் பெல்ட், பக்கத்தில் ஜீப், எல்லாம் இருந்தும் சப்-இன்ஸ்பெக்டரம்மா தான் யார் என்று காட்ட வழியில்லாமல் ரோட்டில் நின்றார். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அவர் ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "தெனம் அடிச்சிட்டு கட் பண்றது நீங்களா?"

"ஆமாங்கம்மா."

"எதுக்கு?"

வண்டி நிறைய ஆள். கலைமணி. தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் ஒரு கான்ஸ்டபிள். வினோதினியிடம்கூடச் சொல்லாத சங்கதி. எப்படிச் சொல்வது? ஆனால் அந்த அம்மாவின் மூச்சு இன்னும் லைனில் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வைத்துவிடவில்லை. திட்டிவிட்டு, யாரோ என்று தெரிந்த பிறகும், வைக்கமுடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். போனை வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, ஓ.டி.பி. வேணாம். அத வுடுங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. இந்த நம்பரு முன்னாடி எம் பொண்டாட்டிது. ரெண்டு வருசம் ஆவுது அவ போயி. நான் வேலை முடிஞ்சி வர்றப்ப ஆலப்பாக்கத்துல நின்னு ஒரு ரிங்கு குடுப்பேன், அவ உலை வப்பா. எப்பவும் அப்புடித்தான். அவ போனதுக்கப்பறமும் என்னால அத வுட முடியல. வூட்ல யாரும் இல்லன்னு தெரியும். நாந்தான் பூட்டிட்டு வந்தேன், நாந்தான் போயி தொறக்கணும். ஆனா அந்த ஒரு ரிங்கு போறவரைக்கும் அவ இருக்கற மாரி இருக்குது. நீங்க எடுத்துட்டீங்கன்னா அவ இல்லன்னு ஆயிடும்ல? அதான் எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிருவேன். வேற கெட்ட எண்ணமெல்லாம் இல்லம்மா."

என் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. லாரி ஒன்று எங்களைத் தாண்டிப்போனது.

"கடக்கரையில முடசலோடை ஊருய்யா நாங்க" என்றது அந்தக் குரல். இப்போது கோபமில்லை. "எம் பேரு அமிர்தம். எம் மவன் பஹ்ரைனுக்கு மீன்புடி வேலைக்கிப் போனான். போனவன் போனவன்தான். அந்த ஊருக்குப் போற ஒரு ஆளுகிட்ட இந்தப் புது நம்பரைச் சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பி கொஞ்ச நாள்ல ரிங்கு வர ஆரம்பிச்சிது. தெனமும் பொழுது போற நேரம், ஒரே ரிங்கு. உள்ளூர் நம்பரா இருக்கேன்னேன். நெட்டுல போட்டா அப்புடித்தான் வரும்னு பக்கத்துவூட்டுப் புள்ள சொன்னிச்சி. கையில காசு இருக்காது, உசுரோட இருக்கேன்னு சொல்றான், அது போதும்னு இருந்தேன்."

"திருப்பி அடிச்சிப் பாக்கலியாம்மா?" அதைக் கேட்டது நான் இல்லை, சப்-இன்ஸ்பெக்டரம்மா.

"வேற யாராச்சும் எடுத்துட்டா?"

என்னிடம் இருந்த பதிலைத்தான் அவரே சொல்லிவிட்டாரே.

பிறகு அவரே கேட்டார். "அந்த நம்பரு சொன்னா உனக்கு வேலை நடக்குமா?"

"நடக்கும்மா."

கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினாள். மறுமுனையில் டிங் என்றது. அமிர்தம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "நாலு... ஏழு... இரு, வெளிச்சத்துக்கு வர்றேன். ஏழு இல்ல, ஒண்ணு." நான் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக எனக்கு யாரும் இப்படி எண் படித்துக் காட்டியதில்லை.

"வந்துட்டுதுங்கம்மா. ரொம்ப..."

"அப்ப இத்தினி நாளும் அடிச்சது நீதானா?"

"நாந்தாம்மா."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

டிஜிலாக்கரின் பின் நம்பர் வினோதினி பிறந்த தேதி. போட்டதும் என் லைசென்ஸ் போனில் வந்து நின்றது. அதில் இருந்த ஆள் மீசை கறுத்து, கன்னம் நிறைந்து, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான். சப்-இன்ஸ்பெக்டரம்மா அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்கதான். ரொம்ப எளைச்சிட்டீங்க" என்றார். "நம்பரை மாத்திடுங்க ஐயா. கார்டையும் கையிலயே வச்சிக்கங்க." கேஸ் எழுதவில்லை. கான்ஸ்டபிள் கையசைத்தார். கலைமணிக்கு டவுன் பஸ் கிடைத்தது.

சிதம்பரம் வந்தது. இறங்கும்போது ஒவ்வொருவரும் "வர்றேண்ணே" "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். வழக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கு லைசென்ஸ் கிடைத்தது, வண்டி தங்கியது. அதற்கு விலையாக முடசலோடையில் ஒரு அம்மாவிடமிருந்து மகனைப் பறித்துவிட்டேன். அவர் தினமும் சாயங்காலம் உயிரோடு வைத்திருந்த மகனை. கம்பெனி வேலை போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

ஆலப்பாக்கத்தில் நிறுத்தினேன். டீ குடித்தேன். போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய், வாளியில் ஊறிய சட்டையிலிருந்து லைசென்சை எடுத்துத் துடைத்துக் காயவைத்தேன். பிறகு உலை வைத்தேன். கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வேறு வேலை இல்லை.

அந்த வாரமே தபால் ஆபீசில் வரிசையில் நின்று ஆதாரில் என் நம்பரைப் போட்டுவிட்டேன். சமையல் கேஸ், பேங்க் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது எல்லாம் எனக்கே வருகிறது. சிலிண்டர் வரும் நாளை நானே எனக்குப் படித்துச் சொல்லிக்கொள்கிறேன். காலையில் செருப்பை மாட்டும்போது நெஞ்சில் நானே ஒரு தட்டு தட்டிக்கொள்கிறேன். அட்டை இருக்கிறது. சட்டப்படி எனக்கு இப்போது ஒரு குறையும் கிடையாது.

ஆனால் ஆலப்பாக்கம் வந்தால்தான் பாடு. டீக் கிளாஸை வைத்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கை பையில் போகும். இழுத்துக்கொள்வேன். மன்னித்துவிடுங்கள் என்று ஒருதடவை பேசலாமா என்று பலநாள் நினைத்தேன். என் குரல் கேட்டால் அந்த அம்மாவுக்கு என்ன சந்தோஷம் வந்துவிடப்போகிறது? இதே நேரம் அங்கே அவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்தாலே டீ கசந்தது. செம்மண்டலம்வரை ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு போவேன். நம்பரை எங்கெங்கோ மாற்றினேனே, என் போனில் 'வீடு' என்று இருந்ததை மட்டும் மாற்றவில்லை. அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள். டீக்கடைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒரே ரிங். நின்றுவிட்டது.

"மாமா, வீட்லேருந்து போனு வந்துச்சி பாரு" என்றான் டீ மாஸ்டர். அவனுக்கு எழுத்துத்தான் தெரியும், என் வீடு தெரியாது.

எடுத்துப் பார்த்தேன். வீடு. ஒரு தவறிய அழைப்பு. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரிலிருந்து எனக்கு மிஸ்டு கால் வந்ததே இல்லை. கொடுப்பது நான், கேட்பது அவள். அதுதான் முறை.

திருப்பி அடித்தேன். ஒரு ரிங் போனது. விரல் பழக்கத்தில் சிவப்புப் பட்டனுக்குப் போனது. போகாதே என்று பிடித்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது ரிங். மூன்றாவது. இப்படி முழுசாக ரிங் போவதைக் கேட்கவே பயமாக இருந்தது.

"நாந்தான்" என்றார் அமிர்தம்மா. "ரொம்ப நாளா போனே அடிக்கல. போனு கெட்டுப் போச்சோன்னு ஒருதடவ அடிச்சிப் பாத்தேன்."

"கெட்டுப் போவலம்மா. நல்லாத்தான் இருக்கு."

"ம்."

அங்கேயும் மழை பெய்யும் சத்தம் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"ஆலப்பாக்கம் வந்துட்டியாய்யா?" என்று கேட்டார்.

"வந்துட்டேம்மா" என்றேன்.